கட்டைவிரல் ரேகை தேய்ந்தவளின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். கேமரா, செல்போன், முகம், செயற்கை நுண்ணறிவு, இதற்கெல்லாம் நடுவில் 'நான்' என்கிற ஆசாமி எங்கே போனான்? ஓவியம், சிற்பம் பற்றி மட்டுமே பேசுவேன் என்று ஆசிரியருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் கலைஞர்கள் செய்துவைத்திருப்பதைக் கொண்டே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

கே: மேடம், ஒரு நவீன கலைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஓவியமே இல்லை. ஒரு திரை, ஒரு கேமரா, அவ்வளவுதான். நான் போய் நின்றதும் என் முகத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு கட்டம் விழுந்தது. இதில் கலை எங்கே இருக்கிறது? (ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்)

ப: உங்கள் எரிச்சல் எனக்குப் புரியும். நான் எட்சிங் செய்கிறவள். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் போட்டு, மை தேய்த்து, துணியால் துடைத்து, அழுத்தி எடுத்தால்தான் ஒரு படம் செய்த திருப்தி எனக்கு. மின்சாரம் போனால் காணாமல் போகிற கலையெல்லாம் கலையா என்று ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு வருகைப் பதிவு மெஷின். நான் ஓவியம் சொல்லிக்கொடுத்த இடத்தில் திடீரென்று ஒரு நாள் விரல் வைக்கும் கருவியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். முப்பது வருஷ அமிலமும் டர்ப்பன்டைனும் என் கட்டைவிரலை வழவழவென்று ஆக்கியிருந்தன. வைத்தேன், சிவப்பு விளக்கு. புடவையில் துடைத்து வைத்தேன், சிவப்பு. ஈரப்படுத்தி வைத்தேன், அப்போதும் சிவப்பு. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. பதினெட்டு வருஷமாக என்னைத் தெரிந்த அலுவலக உதவியாளர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, நீங்க இல்லைன்னு சொல்லுது" என்றார். அந்த மாதம் ஒன்பது நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. எந்த வேலையால் ஊரெல்லாம் என்னைத் தெரியுமோ, அந்த வேலைதான் என் ரேகையை அழித்திருக்கிறது. 'அடையாளம்' என்று நம்மிடம் இருப்பது ஒரே சொல். அட்டையில் இருப்பதும் அடையாளம், ஒரு மனிதர் தன்னை யாராக உணர்கிறாரோ அதுவும் அடையாளம். மெஷினுக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் நீங்கள் பார்த்த மாதிரியான வேலைகள் நடக்கின்றன.

ஒரு உதாரணம். 2014 செப்டம்பரில் மெக்சிகோவின் இகுவாலா நகரில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் 43 பேர் கடத்தப்பட்டுக் காணாமல் போனார்கள். ஆறு மாதம் கழித்து ரஃபேல் லோசானோ-ஹெம்மர் என்கிற கலைஞர் ஒரு திரையையும் கேமராவையும் வைத்தார். நீங்கள் பார்த்தது மாதிரியேதான். யார் முன்னால் போய் நின்றாலும், அந்த 43 முகங்களில் எது உங்கள் முகத்துக்கு மிக நெருக்கம், எத்தனை விழுக்காடு நெருக்கம் என்று அது காட்டும். முழுப் பொருத்தம் வரவே வராது, ஏனென்றால் அந்த மாணவர்கள் யாரும் அங்கே வந்து நிற்கப்போவதில்லை. சந்தேகப்படுகிறவர்களைத் தேடிப் பிடிப்பதற்கான தொழில்நுட்பம், வந்து நிற்கிற ஒவ்வொருவரிடமும் காணாமல் போன ஒரு பையனின் சாயலைத் தேடிக்கொண்டே இருக்கிறது. சாயல் என்பது குடும்பத்தில் பேசுகிற வார்த்தை. "சிரிக்கும்போது அப்படியே அத்தை" என்கிறோமே, அது. ஒரு மென்பொருளை அந்த வார்த்தையின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியதுதான் அவருடைய கலை என்பேன்.

நீங்கள் பார்த்தது நல்ல வேலையா என்று எனக்குத் தெரியாது. கட்டம் விழுந்த நேரத்தில் உங்களுக்கு எரிச்சல் மட்டும்தான் வந்ததா, சின்னதாக ஒரு கூச்சமும் வந்ததா? வந்திருந்தால் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். மோசமான வேலைகளும் ஏராளம்.

கே: மனித அடையாளத்தைத் தொழில்நுட்பம் மாற்றுகிறது என்ற கவலை கம்ப்யூட்டருக்கு அப்புறம் வந்ததுதானே? (முதுகலை மாணவி)

ப: இல்லையம்மா. நூறு வருஷத்துக்கும் மேல் ஆகிறது. பெர்லினில் ரவுல் ஹவுஸ்மன் என்பவர் 1920 வாக்கில் ஒரு தலை செய்தார். விக் செய்கிறவர்கள் வைத்திருக்கும் மரத்தலை. அதன் மேல் அளவுகோல், அளவு நாடா, கடிகாரப் பாகம், நெற்றியில் 22 என்ற எண் எழுதிய சீட்டு. உள்ளே சிந்தனை என்று எதுவும் கிடையாது, வெளியில் என்ன ஒட்டுகிறார்களோ அதுதான் அந்த மனிதன். இன்றைக்கு ஆளுக்கொரு எண்ணோடு திரிகிற நமக்கு அந்த 22 ஒன்றும் புதிதாகத் தெரியாது.

ஆனால் நான் வகுப்பில் அதிக நேரம் பேசுவது சிற்பி ஜேக்கப் எப்ஸ்டீனைப் பற்றி. 1913ல் லண்டனில் அவருக்கு எந்திரத்தின் மேல் ஒரே மோகம். பாறையைத் துளைக்கும் நிஜமான டிரில் ஒன்றை வாங்கினார். அதன் மேல் முகமூடி போட்டது மாதிரியான தலையோடு ஒரு வெள்ளை மனித உருவத்தை உட்காரவைத்தார். பாதி மனிதன், பாதி பூச்சி. நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு சின்னக் கரு. அடுத்த தலைமுறையும் இப்படித்தான் பிறக்கும் என்கிற மாதிரி. 1915ல் அதைக் காட்சிக்கு வைத்தார். அதற்குள் முதல் உலகப் போர் வந்துவிட்டது, எந்திரத் துப்பாக்கிகள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்துக்கொண்டிருந்தன.

எப்ஸ்டீன் என்ன செய்தார் தெரியுமா? டிரில்லைக் கழற்றி எறிந்தார். உருவத்தை இடுப்போடு வெட்டினார். ஒரு கை முழங்கையோடு போனது, மிச்சம் இருந்த உடலை உலோகத்தில் வார்த்தார். இப்போது அது பிரிட்டனின் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் பார்த்தாலும் போதும்: தலை குனிந்து, காயம்பட்ட ஆள் மாதிரி இருக்கும். எந்திரத்தோடு சேர்ந்திருந்தபோது வீரன், எந்திரத்தைக் கழற்றிய பிறகு அநாதை. தன் வேலையையே வெட்டித் தன் கருத்தைத் திருத்திக்கொண்ட சிற்பி அபூர்வம். கருத்து மாறினால் புதிதாக ஒன்று செய்வார்கள், பழையதை விற்றுவிடுவார்கள், வெட்ட மாட்டார்கள்.

கே: புத்தர் சிலைக்கு முன்னால் டிவியை வைத்ததை உலகப் புகழ் பெற்ற கலை என்கிறார்கள். கேலியாக இல்லையா? (பெயர் எழுதாதவர்)

ப: கொஞ்சம் கேலிதான். 'நாம் ஜூன் பைக்' என்ற பெயருடைய கொரிய-அமெரிக்கக் கலைஞர் 1974ல் செய்தது. புத்தருக்கு எதிரே ஒரு டிவி, டிவிக்குப் பின்னால் ஒரு கேமரா. அந்தக் கேமரா புத்தரைப் படம் பிடித்து அதே நொடியில் அந்த டிவியில் காட்டுகிறது. ஆக புத்தர் தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 'தன்னை அறிவது' இதுதானா, தன் பிம்பத்தில் மயங்குவது இதுதானா என்று பைக் சொல்லவில்லை. எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பார்க்கிறவர் சிலைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தால் அவர் முகமும் திரையில் வந்துவிடும். புத்தர் அசையமாட்டார். நாம்தான் தலைமுடியைச் சரிசெய்துகொள்வோம்.

கே: கல்லூரியில் படிக்கும் என் மகள் ஃபில்டர் போடாமல் ஒரு படம்கூட எடுப்பதில்லை. சாதாரணமாக எடுத்த படங்களை "இது என் முகமே இல்லை" என்று அழித்துவிடுகிறாள். கவலையாக இருக்கிறது. (ஒரு தாய்)

ப: அவள் சொல்வதில் பாதி உண்மை. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

முதல் வாரம் வரும் மாணவர்களுக்கு நான் இரண்டு பயிற்சி கொடுப்பேன். கண்ணாடி பார்த்துத் தன் முகத்தை வரை, அப்புறம் புகைப்படம் பார்த்துத் தன் முகத்தை வரை. இரண்டையும் சுவரில் ஒட்டுவோம். கிட்டத்தட்ட எல்லாரும் "கண்ணாடி பார்த்து வரைந்ததுதான் நான், மற்றது யாரோ" என்பார்கள். காரணம் ரொம்பச் சாதாரணம். வாழ்நாள் முழுக்க நம் முகத்தை இடவலம் மாறித்தான் பார்த்திருக்கிறோம். புகைப்படத்தில் வகிடு பக்கம் மாறுகிறது, மச்சம் இடம் மாறுகிறது, லேசாகக் கோணிய உதடு எதிர்ப்பக்கம் கோணுகிறது. மற்றவர்கள் தினமும் பார்க்கும் முகம் நமக்கு மட்டும் அந்நியம்!

இன்னொன்றும் உண்டு. கைநீட்டும் தூரத்தில் எடுக்கும் படம் முகத்தைப் பிதுக்கிவிடும். கேமரா முகத்திலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருந்தால், ஒன்றரை மீட்டரில் எடுத்த படத்தைவிட மூக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018ல் மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். செல்ஃபியைப் பார்த்து மூக்கை அறுவை செய்துகொள்ளக் கேட்டு வருகிறவர்களுக்காகப் போட்ட கணக்கு அது. முதலில் உங்கள் மகளை யாராவது ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று படம் எடுக்கட்டும். அதற்கு ஃபில்டர் வேண்டியிருக்காது.

மீதிப் பாதிக்கு அமாலியா உல்மன் என்கிற கலைஞரின் வேலையை அவளிடம் காட்டுங்கள். 2014ல் இந்தப் பெண் ஐந்து மாதம் இன்ஸ்டாகிராமில் ஒரு கதை நடத்தினார். பெரிய நகரத்துக்கு வந்த பெண், காதல் முறிவு, ஆடம்பரம், மார்பக அறுவை சிகிச்சை, சரிவு, மன்னிப்பு, அப்புறம் யோகாவும் ஆரோக்கியமுமாக ஒரு மறுபிறவி. பல்லாயிரம் பேர் நம்பினார்கள், திட்டினார்கள், ஆறுதல் சொன்னார்கள். கடைசியில் எல்லாம் நடிப்பு என்று அறிவித்தார். அறுவை சிகிச்சை நடக்கவே இல்லை, கட்டு மட்டும்தான் போட்டிருந்தார். அவர் பொய் சொன்னதைவிட, அந்தப் பொய்யைச் சொல்ல எத்தனை குறைவான சாமான் போதுமாக இருந்தது என்பதுதான் என்னை உலுக்கியது. ஒரு ஓட்டல் அறை, ஒரு கண்ணாடி, சில தலையணை. எந்தப் பெண்ணின் படம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்கிறவர்கள் மனதில் ஏற்கெனவே வரைந்துவைத்திருந்தார்கள், அவர் அதற்குள் போய் நின்றார். உங்கள் மகளுக்கு இதை நீங்கள் விளக்க வேண்டாம். பார்த்தால் அவளுக்கே நம்மைவிட நன்றாகப் புரியும்.

1990 முதல் 1993 வரை ஒன்பது அறுவை சிகிச்சைகளைக் கலை நிகழ்ச்சியாகவே நடத்தித் தன் முகத்தை மாற்றிக்கொண்ட பிரெஞ்சுக் கலைஞர் ஓர்லானும் உண்டு. மயக்க மருந்து முழுதாக எடுத்துக்கொள்ளாமல், விழித்துக்கொண்டு, மேஜையில் படுத்தபடி புத்தகம் வாசித்தார். அதை நீங்கள் மட்டும் பாருங்கள், அதுவும் வயிறு நிறைந்திருக்கும்போது வேண்டாம்.

கே: எந்திரத்துக்கு ஏது பாரபட்சம்? மனிதர்களுக்குத்தான் அது இருக்கும். இதையெல்லாம் கலைஞர்கள் பெரிதுபடுத்துகிறார்கள். (மென்பொருள் துறையில் இருப்பவர்)

ப: சார், சாயப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். நான் படித்த காலத்தில் 'தோல் நிறம்' என்று எழுதிய டியூப் வாங்கினால் உள்ளே இளஞ்சிவப்பு இருக்கும். என் கையோடு வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். கலர் ஃபிலிம் கழுவும் கூடங்களிலும் இதே கதைதான். கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார், 'ஷர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பல பத்தாண்டுகள் ஓடியது. ஃபிலிமுக்கு யார் மேலும் வெறுப்பில்லை. யாரை வைத்துச் சரிபார்த்தார்களோ, அவரை மட்டும்தான் அதற்குத் தெரியும்.

ஜாய் புவலாம்வினி என்கிற கணினி ஆய்வாளர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்தபோது, அவர் முன்னால் வைத்திருந்த முக மென்பொருள் அவருடைய கறுப்பு முகத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு வெள்ளை முகமூடியை எடுத்து மாட்டினார், உடனே கண்டுகொண்டது. 2018ல் அவரும் டிம்னிட் கெப்ரு என்கிற இன்னொரு ஆய்வாளரும் சேர்ந்து, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 விழுக்காடு, கருநிறப் பெண்களிடம் 34.7 வரை. அந்த வருஷமே இதைக் கவிதையும் காட்சியுமாக ஒரு சிறு காணொளியாகச் செய்தார். அதில் செரீனா வில்லியம்ஸ், மிஷெல் ஒபாமா போன்ற உலகமே அறிந்த பெண்களை மென்பொருள் ஆண் என்று சொல்கிறது. அட்டவணையைப் பார்த்தபோது நான் தலையாட்டினேன். காணொளியைப் பார்த்தபோது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். 34.7 என்பது ஒரு எண், அந்தப் பக்கம் யாராவது ஒருவர் நிற்கிறபோதுதான் அது அவமானம். அதைத்தான் நீங்கள் 'பெரிதுபடுத்துவது' என்கிறீர்கள் என்றால், ஆமாம், அதுதான் எங்கள் தொழில்.

கே: ஒரு கலைஞர் தன் முழங்கையில் காது வளர்த்தாராமே, உண்மையா?

ப: முழங்கையில் இல்லை, இடது முன்கையில். ஸ்டெலார்க், ஆஸ்திரேலியர். 2006 வாக்கில் அறுவை சிகிச்சை தொடங்கியது. உள்ளே மைக் வைத்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தக் காது வழியாகக் கேட்கலாம் என்பது திட்டம். மைக் வைத்த இடத்தில் சீழ் பிடித்ததால் எடுத்துவிட்டார்கள், காது மட்டும் இருக்கிறது. 'உடல் காலாவதியாகிவிட்டது' என்று பல வருஷமாகச் சொல்லிவந்தவர் அவர். காலாவதியான உடல் மைக்கை வெளியே தள்ளிவிட்டது. அவருடைய வேலைகளில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான், அவர் திட்டமிடாத பகுதி.

கே: எழுதத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று கேலி செய்வோம். இப்போது படித்தவர், படிக்காதவர் எல்லாரும் விரல் வைக்கிறார்கள். கலைஞர்கள் யாராவது இதைத் தொட்டிருக்கிறார்களா? (ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்)

ப: ஐயா, இந்த மாதத்தின் மிகச் சிறந்த கேள்வி உங்களுடையது. தேய்ந்த ரேகைக்காரி என்பதால் எனக்கு ஒருதலைப்பட்சம் இருக்கலாம்.

1858ல் வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்ற ஊரில் வில்லியம் ஹெர்ஷல் என்கிற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குப் போடும் சரளை சப்ளை செய்ய ஒப்பந்தம் எடுத்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தத் தாளில் அப்படியே பதியவைத்தார். பின்னால் "இது என் கையெழுத்து இல்லை" என்று அந்த மனிதர் மறுத்துவிடக் கூடாதே என்ற யோசனை. விரல் ரேகை முறையின் தொடக்கங்களில் ஒன்றாக அந்தக் கைப்பதிவைச் சொல்கிறார்கள்.

டெல்லியைச் சேர்ந்த ராக்ஸ் மீடியா கலெக்டிவ் என்கிற கலைஞர் குழுவினர் 2011ல் அந்தக் கைப்பதிவை எடுத்து அசையும் படமாக்கினார்கள். சுவரில் பெரிய கை. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குகின்றன, நிமிர்கின்றன. கோனாயின் கை எதையோ எண்ணிக்கொண்டே இருக்கிறது, முடிவதே இல்லை. யாரை எண்ணுவதற்காக அந்தக் கையைப் பிடித்து மையில் அமுக்கினார்களோ, அந்தக் கை இப்போது நம்மை எண்ணுகிறது என்று எனக்குத் தோன்றும். பத்திரத்தில் கைநாட்டு வைக்கிறவரின் மணிக்கட்டை நீங்களும் எத்தனையோ தடவை பிடித்திருப்பீர்கள். அந்த நேரத்தில் அவருடைய கை எப்படி விறைக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். அதைப் பற்றி ஒரு கடிதம் எழுதுங்களேன்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவர் எடுவார்டோ காக் என்கிற கலைஞர். 1997 நவம்பரில் பிரேசிலின் சாவ் பாலோவில், தொலைக்காட்சி நேரலையில், தன் கணுக்காலில் ஒரு மைக்ரோசிப்பைச் செலுத்திக்கொண்டார். தொலைந்துபோகும் வளர்ப்புப் பிராணிகளுக்கு வைக்கிற சிப். பிறகு இணையத்தில் பிராணிகளின் பதிவேட்டில் தன்னைப் பதிவு செய்தார். பிராணி என்ற இடத்திலும் அவர் பெயர், உரிமையாளர் என்ற இடத்திலும் அவர் பெயர். அறைச் சுவரில், இரண்டாம் உலகப் போரின்போது போலந்தில் அழிக்கப்பட்ட அவருடைய பாட்டி குடும்பத்தின் பழைய புகைப்படங்கள். ஒரு பக்கம் முகமும் நினைவும், இன்னொரு பக்கம் கணுக்காலில் ஒரு எண். அந்த எண்ணை மெஷின் தப்பாமல் படித்தது. புகைப்படத்தில் இருப்பவர் யார் என்று அதற்கு ஒன்றும் தெரியாது.

கே: ஒரே ஒரு வேலையைத்தான் தேடிப் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது?

ப: ராபர்ட்டா பிரைட்மோர். லின் ஹெர்ஷ்மன் லீசன் என்ற அமெரிக்கக் கலைஞர் 1973லிருந்து 1978 வரை உருவாக்கி நடத்திய ஒரு பெண். விக், மேக்கப், நடை, மனநிலை எல்லாம் தனி. ராபர்ட்டாவுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்தது, வங்கிக் கணக்கு கிடைத்தது, அறைத்தோழி வேண்டும் என்று விளம்பரம் கொடுத்து ஆட்களைச் சந்தித்தாள். பிறகு வேறு பெண்களும் ராபர்ட்டாவாக வேஷம் போட்டார்கள். கடைசியில் 1978ல் இத்தாலியின் ஃபெராராவில் ஒரு பேயோட்டும் சடங்கு நடத்தி அவளை முடித்தார்கள். இன்றைக்குக் காட்சியில் இருப்பவை அவளுடைய உரிமம், கடிதங்கள், உடை, அவளைத் தூரத்திலிருந்து எடுத்த படங்கள். இல்லாத ஒருத்தி இருந்தாள் என்பதற்கு ஒரு பெட்டி நிறைய ஆதாரம்! பதினெட்டு வருஷம் வேலை பார்த்த நான் அங்கே இல்லை என்பதற்கு ஒன்பது சிவப்பு விளக்கு ஆதாரம். இருவரும் சந்தித்தால் நிறையப் பேசுவோம்.

கே: செயற்கை நுண்ணறிவு வரைகிற படங்கள் கலையா? உங்கள் தொழில் போய்விடுமா?

ப: போட்டோ வந்தபோது உருவப்பட ஓவியர்களைப் பற்றியும் இதைத்தான் கேட்டார்கள். சிலர் தொழில் போனது, உண்மை, அதை மழுப்ப வேண்டாம். முதல் கேள்விக்கு இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்வேன்: அந்தப் படங்களைவிட, அவற்றுக்குச் சொல்லிக்கொடுக்க யார் யாருடைய படங்களை எடுத்தார்கள், அவர்களிடம் கேட்டார்களா என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

கே: இத்தனை பேசுகிறீர்கள், உங்கள் படத்தை மட்டும் ஏன் இந்தப் பக்கத்தில் போடுவதில்லை?

ப: ஆசிரியர் கேட்கத்தான் செய்தார். கட்டைவிரலில் மை தடவி ஒரு பதிவு எடுத்து அனுப்பினேன். தெளிவாக இல்லை, வேறு அனுப்புங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.